தாம்பரம் பக்கம் மின்சார ரயில் ரத்தாகும் ஞாயிறன்று மீனம்பாக்கம் போய்ச் சேருவது எப்படி?

விழுப்புரத்திலிருந்து அம்மாவோடு ரயிலில் செங்கல்பட்டு வந்து, அங்கே மின்சார ரயில் மாறி, விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலத்தில் இறங்கி, மதியம் 2 மணிக்குச் சிங்கப்பூர் விமானம் ஏற நினைத்திருந்தீர்கள். அந்த ஞாயிறு பார்த்துத் தாம்பரம் பக்கம் பராமரிப்புப் பணி, மின்சார ரயில்கள் ரத்து என்று செய்தி வந்திருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. திரும்பி வரும் விமானமோ இரவு 11.30க்கு இறங்குகிறது. இதற்கு வேறு வழி கேட்டிருக்கிறீர்கள். வழிக்குப் பஞ்சமில்லை. எந்த வழியை எடுத்தால் ஒரு இடத்தில் தடங்கினாலும் விமானம் கைவிட்டுப் போகாது, அதற்கு எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், இதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் 22 ஆண்டுகள் செக்-இன் கவுண்டரில் வேலை பார்த்தவன். வீடு பல்லாவரத்தில். அடுத்த ஸ்டேஷன்தான் திரிசூலம் என்பதால் வேலைக்குப் போனதெல்லாம் மின்சார ரயிலில். ரயில்வேயில் நான் வேலை செய்ததில்லை, அதனால் தண்டவாள வேலை எத்தனை மணிக்கு முடியும் என்பதெல்லாம் என் எல்லைக்கு வெளியே. ஆனால் ரயில் நின்றுபோன நாளில் மக்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள், கவுண்டருக்கு முன்னால் எந்த நிலையில் வந்து நிற்கிறார்கள் என்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நம் விமான நிலையம் ஒரு நீண்ட ரயில் பாதையின் நடுவில் இருக்கிறது. கடற்கரையிலிருந்து எழும்பூர், மாம்பலம், கிண்டி, பரங்கிமலை வழியாகத் திரிசூலம். அதற்கப்புறம் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு. "மின்சார ரயில் ரத்து" என்று தலைப்பில் போட்டுவிடுவார்கள். எந்த இடத்துக்கும் எந்த இடத்துக்கும் நடுவில் ரத்து என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 2024 ஜூலை பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை தாம்பரம் யார்டில் பெரிய வேலை நடந்தது நினைவிருக்கும். காலையும் இரவும் பல மணி நேரம் ரயில்கள் ரத்து. அப்போது கடற்கரையிலிருந்து பல்லாவரம் வரைக்கும், அந்தப் பக்கம் கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் சிறப்பு ரயில்கள் விட்டார்கள். பல்லாவரம் வரை ரயில் வருகிறது என்றால் திரிசூலத்துக்கும் வருகிறது. அதாவது நகரத்துக்குள் இருந்து விமான நிலையம் வந்தவர்களுக்கு அந்த வாரங்களில் பெரிய சிக்கல் இல்லை. மாட்டிக்கொண்டவர்கள் முழுக்கத் தெற்கிலிருந்து வந்தவர்கள். உங்களைப் போல.

இதற்கு நேர்மாறான வேலையும் உண்டு. கோடம்பாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் லைன் பிளாக் போட்டால், அதாவது வேலைக்காகப் பாதையை அடைத்தால், திரிசூலம் ரயில் நிலையமே அன்றைக்குச் செத்த மாதிரி. அப்போது நகரத்திலிருந்து வருபவர்கள் மெட்ரோவைப் பிடிக்க வேண்டும், தெற்கிலிருந்து வருபவர்கள் தாம்பரத்தில் இறங்கி ரோட்டைப் பிடிக்க வேண்டும். ஆகவே செய்தியைப் பார்த்ததும் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷன் வரை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, இடையில் சிறப்பு ரயில் எது வரை ஓடுகிறது. தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டம் வெளியிடும் அறிவிப்பில் இந்த மூன்றும் இருக்கும். செய்தித்தாள் தலைப்பில் இருக்காது.

நேரத்தைக் குறிப்பாகப் பாருங்கள். பகல் வேலை என்றால் பெரும்பாலும் காலை 9, 10 மணிக்கு மேல்தான் பாதையை அடைப்பார்கள். அதற்கு முன்னால் ஓடும் ரயில்கள் வழக்கம்போல ஓடும். உங்கள் ஊரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, 7 மணி வாக்கில் செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏற முடிந்தால், ரத்து தொடங்குவதற்குள்ளேயே திரிசூலத்தில் இறங்கியிருப்பீர்கள். சீக்கிரம் வந்துவிட்டோமே என்று கவலைப்பட வேண்டாம். விமான நிலைய வளாகத்துக்குள்ளேயே அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்தோடு சேர்ந்து ஏரோஹப் என்ற கடைவளாகம் இருக்கிறது. உட்காரலாம், சாப்பிடலாம். ஆனால் உங்கள் அம்மாவை நினைத்தால் இந்த வழி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. செங்கல்பட்டில் பெட்டிகளோடு நடைமேடை மாற வேண்டும். திரிசூலத்தில் இறங்கிப் படிக்கட்டு, ஜிஎஸ்டி ரோட்டுக்கு அடியில் சுரங்கப்பாதை, அப்புறம் முனையம் வரை நடை. நமக்குப் பத்து நிமிட வேலை. முழங்கால் வலிக்கு அதுவே பெரிய மலை.

உங்களுக்கு நான் சொல்லும் முதல் வழி பேருந்து. விழுப்புரத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு அரசுப் பேருந்து அடிக்கடி உண்டு. 2023 டிசம்பர் கடைசியில் திறந்த அந்தப் பேருந்து முனையம் வந்தபோது நகரத்துக்குள் போகிறவர்கள் நிறையப் பேர் கோபப்பட்டார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் விமான நிலையம் போகிறவர்களுக்கு அது வசதியான இடம். அங்கிருந்து அதே ஜிஎஸ்டி ரோட்டில் நேராக 15 கிலோமீட்டர் வந்தால் விமான நிலையம். கோயம்பேடு வரை போய்த் திரும்பி வர வேண்டியதில்லை. கிளாம்பாக்கத்தில் இறங்கி ஒரு கால் டாக்ஸி பிடியுங்கள். பெட்டி பின்னால், அம்மா முன்னால், புறப்பாட்டு வாசலிலேயே இறங்கலாம். நீங்கள் மட்டும் தனியாக ஒரு பையோடு வந்தால் 70வி, 18ஏ போன்ற மாநகரப் பேருந்துகளில் ஏறி விமான நிலைய நிறுத்தத்தில் இறங்கச் சொல்லியிருப்பேன். மலிவு, அடிக்கடியும் வரும். ஆனால் ரயில் ரத்தான நாளில் அந்தப் பேருந்துகளில் நிற்கவே இடம் இருக்காது. சர்வதேசப் பயணத்துப் பெட்டிகளோடு ஏறவே முடியாது.

நேரக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். கவுண்டரில் நான் பார்த்த தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்கும். 2 மணி விமானம் என்றதும் எல்லாரும் 2 மணியிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். உங்களுக்கு 2 மணி முக்கியமே இல்லை. செக்-இன் கவுண்டர் மூடும் நேரம்தான் உங்கள் நேரம். பெரும்பாலான நிறுவனங்களில் அது புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்னால். சில நிறுவனங்கள் வெளிநாட்டு விமானங்களுக்கு 75 நிமிடம் என்றும் வைத்திருக்கின்றன. உங்கள் டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 1 மணிக்கு மூடுகிறது என்று வைத்துக்கொண்டால், வரிசை, பெட்டி எடை, ஏதாவது பொருளை எடுத்து வெளியே வைக்கச் சொல்வது எல்லாம் சேர்த்து 12 மணிக்குள் கவுண்டர் வரிசையில் நின்றே ஆக வேண்டும். வீல்சேர் கேட்டிருந்தால் அது வந்து சேரவும் நேரம் பிடிக்கும். ஆகவே முனைய வாசலுக்கு 11 மணி. கிளாம்பாக்கத்திலிருந்து சாதாரண நாளில் முக்கால் மணி நேரம், ரயில் ரத்தான நாளில் ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். அப்படியானால் கிளாம்பாக்கத்தில் 9.30. விழுப்புரம் கிளாம்பாக்கம் பேருந்துக்கு 3 மணி நேரம். 6 மணிக்குப் பேருந்து ஏறினால் அரை மணி நேரம் உபரியாகக் கையில் இருக்கும். அந்த அரை மணியைத் தயவுசெய்து தூக்கத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்தக் கணக்கில் எது உறுதி, எது என் ஊகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கவுண்டர் மூடும் நேரம் உறுதி. அதைத் தாண்டினால் கவுண்டரில் இருப்பவர் மனம் வைத்தாலும் நடக்காது, கணினியே அந்த விமானத்துக்குப் பயணிகளை ஏற்பதை நிறுத்திவிடும். தூரங்கள் உறுதி. சாலை நேரம் மட்டும் என் ஊகம். ஞாயிறு காலை சென்னை நோக்கி வரும் பக்கம் பொதுவாக அவ்வளவு நெரிசல் இருக்காது. ஞாயிறு மாலையும் தொடர் விடுமுறை முடியும் நாளும்தான் பரனூர் டோல்கேட்டிலிருந்து பெருங்களத்தூர் வரை வண்டிகள் ஊர்ந்து வரும். ஆனால் ரயில் ரத்தானால் அந்தக் கூட்டம் முழுவதும் கூடுவாஞ்சேரி, வண்டலூர், தாம்பரம் பேருந்து நிறுத்தங்களில் வந்து நிற்கும். பேருந்துகள் நிறுத்தங்களில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றுதான் கிளம்பும். அதனால்தான் முக்கால் மணியை ஒன்றரை ஆக்கச் சொன்னேன்.

விழுப்புரத்திலிருந்தே ரயிலில்தான் வருவேன் என்றால் ஒரு வழி இருக்கிறது, கொஞ்சம் விசாரிக்க வேண்டும். தெற்கிலிருந்து வரும் எக்ஸ்பிரஸ் ரயில்களை இப்படிப்பட்ட நாட்களில் மூன்று விதமாக நடத்துவார்கள். சிலவற்றைச் செங்கல்பட்டிலோ அதற்கும் முன்னாலோ நிறுத்திவிடுவார்கள். சில தாம்பரத்தில் நிற்காமல் நேராக எழும்பூர் போகும். சில வழக்கம்போல ஓடும், தாமதத்தோடு. நேராக எழும்பூர் போகும் ரயில் உங்களுக்குக் கிடைத்தால் நடுவில் எங்கும் இறங்க முயலாமல் எழும்பூர் வரைக்கும் போய்விடுங்கள். விமான நிலையத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சலாகத் தோன்றும். ஆனால் எழும்பூர் ரயில் நிலையத்தோடு ஒட்டியே மெட்ரோ இருக்கிறது. லிஃப்ட் உண்டு. கோயம்பேடு வழியாகப் போகும் பச்சை வழித்தடத்தில் ஏறி, ஆலந்தூரில் நீல வழித்தடத்துக்கு மாறினால் விமான நிலையம். ஜிஎஸ்டி ரோட்டில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் மெட்ரோவுக்குக் கவலை இல்லை. கட்டணம் அதிகபட்சமே 50 ரூபாய். 2016 செப்டம்பரில் விமான நிலையம் வரை மெட்ரோ வந்த பிறகு, மழை நாளில் கவுண்டருக்கு மூச்சு வாங்க ஓடி வருகிறவர்கள் கண்ணெதிரே குறைந்தார்கள். காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணி வரை ஓடுகிறது. விமான நிலைய மெட்ரோவிலிருந்து முனையங்களுக்கு மேம்பால நடைபாதையும் இருக்கிறது. வெளிநாட்டு விமானம் முனையம் 2. உள்நாட்டு விமானங்கள் 1, 4 என்று பிரிந்திருக்கின்றன. மெட்ரோவை விட்டு வெளியே வந்ததும் பலகையைப் பார்த்து நடங்கள்.

உங்கள் ரயில் இந்த மூன்றில் எந்த வகை என்பதை ரயில்வே விசாரணை எண் 139க்கு அழைத்துக் கேட்கலாம், அல்லது ரயில்வேயின் செயலியில் ரயில் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். முந்தைய நாள் இரவு ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை. ரயிலே ரத்தானால் இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் தானாகவே திரும்பிவிடும். ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் அதில் போகவில்லை என்றால், அந்த ரயில் உங்கள் ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் டி.டி.ஆர்., அதாவது பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு, பதிவு செய்ய வேண்டும். முழுப் பணமும் கிடைக்கும். பேருந்தில் போய்விட்டு மறுநாள் நிதானமாகப் பதிவு செய்யலாம் என்று விட்டுவிட்டால் அந்தப் பணம் போனது போனதுதான்.

விமான டிக்கெட் கதை வேறு. இதை மனம் கனத்துத்தான் எழுதுகிறேன். ரயில் ரத்து என்ற காரணத்தை எந்த விமான நிறுவனமும் ஏற்றாக வேண்டிய கட்டாயம் இல்லை. ரயில் டிக்கெட் தனி, விமான டிக்கெட் தனி. தாம்பரம் வேலை நடந்த அந்த வாரங்களில் ஒரு நாள், டெல்டா பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மகன் முதல்முறையாக வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறான். வழியனுப்ப ஏழு பேர். கூடுவாஞ்சேரியில் ரயில் நின்றுவிட, அங்கே பேருந்துக்காக ஒரு மணி நேரம் காத்திருந்து, கடைசியில் இரண்டு ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். கவுண்டர் மூடிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அந்தப் பையன் அழவில்லை, அவன் அப்பா அழுதார். என்னால் செய்ய முடிந்தது அடுத்த விமானத்துக்கு என்ன கட்டணம் என்று பார்த்துச் சொன்னதுதான். வழியில் இருந்தபோதே அழைத்துத் தேதியை மாற்றியிருந்தால் இவ்வளவு இழந்திருக்க மாட்டார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்தல். விமானத்துக்கு இன்னும் சில மணி நேரம் இருக்கும்போதே டிக்கெட்டை மாற்றினால் மாற்றுக் கட்டணத்தோடு போகும். வராமலே விட்டால் அடிப்படைக் கட்டணம் பெரும்பாலும் முழுதாகப் போய்விடும். நடுவழியில் நின்றுவிட்டு 12 மணிக்குள் வந்து சேர மாட்டோம் என்று தெரிந்தால், ஆட்டோ தேடும் முன் விமான நிறுவனத்துக்கு அழையுங்கள். ஒருவேளை விமானம் போய்விட்டாலும், டிக்கெட்டில் சேர்த்து வாங்கிய அரசு வரியும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணமும் உங்களுக்குத் திரும்ப வர வேண்டியவை. எழுதிக் கேளுங்கள். கேட்காதவர்கள்தான் அதிகம்.

அம்மாவுக்கு வீல்சேர் வேண்டும் என்பதை இன்றைக்கே விமான நிறுவனத்திடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள், குறைந்தது இரண்டு நாள் முன்னதாக. அன்றைக்கு வந்து கேட்டாலும் தருவார்கள், ஆனால் காத்திருக்க வைப்பார்கள். சிங்கப்பூரில் இறங்கும் இடத்துக்கும் சேர்த்தே கேளுங்கள். எங்கள் காலத்தில் பல அம்மாக்கள் "எனக்கெதுக்குப்பா நாற்காலி, நல்லாத்தானே நடக்கிறேன்" என்று மறுப்பார்கள். பாதுகாப்புச் சோதனை தாண்டி நீண்ட நடையில் பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள். நீங்களே முடிவெடுத்துவிடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பராமரிப்புப் பணிக்கு. மழை, புயல் காரணமாக ரயில் நின்றால் கணக்கே மாறும். அப்போது முதலில் விமானம் கிளம்புகிறதா என்று பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே சில நாட்கள் மூடிக் கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானம் விட்டார்கள். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுபாதையை மூடினார்கள், மறுநாள் காலைதான் திறந்தார்கள். அன்றைக்குப் புறநகர் ரயில்களும் இல்லை. மெட்ரோ ஓடியது, ஆனால் பரங்கிமலை மெட்ரோ வாசலில் தண்ணீர் நின்றதால் ஆலந்தூரில் வந்து ஏறச் சொன்னார்கள். அப்படிப்பட்ட நாளில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்காதீர்கள். விமானம் ரத்தானால் பணமோ மாற்று விமானமோ அவர்கள் தர வேண்டியது.

திரும்பி வருவதைப் பற்றி. 11.30க்கு இறங்கினால் குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்து வெளியே வர 12.30 ஆகிவிடும். மெட்ரோ முடிந்திருக்கும். மின்சார ரயிலையும் அந்நேரத்தில் நம்ப முடியாது, விடிகாலை 4 மணி வாக்கில்தான் மறுபடி தொடங்கும். இரவு லைன் பிளாக் இருந்தால் அதுவும் கேள்விதான். நள்ளிரவில் கிளாம்பாக்கம் போய் விழுப்புரம் பேருந்து பிடிக்கலாம்; தென் மாவட்டப் பேருந்துகள் இரவு முழுக்கக் கிளம்புகின்றன. தனியாக வரும் இளைஞர் என்றால் அதைத்தான் சொல்வேன். அம்மாவோடு என்றால் இரண்டில் ஒன்று: ஊரிலிருந்தே தெரிந்த வண்டியை வரச் சொல்லிவிடுங்கள், அல்லது பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் ஒரு அறை எடுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். செலவு ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். வெளியே வந்ததும் "டாக்ஸி வேணுமா சார்" என்று பெட்டியைப் பிடிப்பவர்களோடு போகாதீர்கள். வருகைப் பகுதிக்குள்ளேயே முன்பணம் கட்டும் டாக்ஸி கவுண்டர்கள் இருக்கின்றன. செயலியில் பதிவு செய்யும் வண்டிகள் கார் நிறுத்துமிடக் கட்டடத்துக்குத்தான் வரும், முனைய வாசலுக்கு வராது. பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்தபடியே அதுவரை போங்கள், பாதியில் விட்டுவிடாதீர்கள்.

ரத்து அறிவிப்பை வெள்ளிக்கிழமை மாலை இன்னொரு முறை பாருங்கள். இந்த வேலைகள் தள்ளிப்போவதும் நீளுவதும் சகஜம். 2024இலும் முதலில் சொன்ன தேதியில் முடியாமல் சில நாள் நீண்டது. உங்கள் ரயில் எண்ணையும் அறிவிப்பில் இருக்கும் நேரத்தையும் இங்கே எழுதினால், எது தோது என்று சனிக்கிழமைக்குள் பார்த்துச் சொல்கிறேன்.